களிமண்ணில் லாரி போகும் தோப்புப் பாதை: டெல்டாவில் போடப்போகிறவர்களுக்கு

மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் தோப்பு ஆறு ஏக்கர். நாலு ஏக்கரில் சவுக்கு, மீதியில் தேக்கும் கொஞ்சம் தென்னையும். ஊர்ச் சாலையிலிருந்து தோப்பு வாசலுக்கு 600 அடி. இந்த 600 அடிக்கு நான் இரண்டு முறை ரோடு போட்டிருக்கிறேன். முதல் ரோடு ஏப்ரல் மாதம் போட்டது. அந்த நவம்பரில் சவுக்கு ஏற்றிய லாரி அதில் அச்சு முட்ட இறங்கி ஒன்பது நாள் நின்றது. பாதி லோடை இறக்கி, சக்கரத்துக்கு அடியில் தென்னை மட்டையும் பலகையும் கொடுத்து, இரண்டு டிராக்டர் கட்டி இழுத்தோம். லாரி வெளியே வந்தபோது கொட்டிய கிராவல் கண்ணில் படவில்லை. எல்லாம் களிக்குள் போய்விட்டது.

இரண்டாவது ரோடு மூன்று ஐப்பசி மழையைத் தாங்கிவிட்டது. லாரி போகிறது, வருகிறது. இரண்டுக்கும் நடுவில் நான் அலைந்து கற்றதைத்தான் கீழே வரிசையாக எழுதுகிறேன். சவுக்கு, தேக்கு, தென்னை, மூங்கில் எதுவானாலும் சரி, டெல்டாக் களிமண்ணில் பாரவண்டி போகப் பாதை போடுகிற எல்லாருக்கும் இது பொருந்தும். கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த பிறகு, தோப்புக்குள் வண்டி நுழைய வழியில்லாதவர்கள் விழுந்த மரத்தை வெளியே எடுக்க முடியாமல் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பாதையின் அருமை தெரியும்.

1. முதலில் காகிதம்: பாதை யாருடைய இடத்தில் போகிறது?

ரோலர் பேசுவதற்கு முன்னால் இதை முடியுங்கள். எடுக்க வேண்டியவை: உங்கள் பட்டா, பாதை போகும் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் 'அ' பதிவேடு (நிலம் யாருடையது, என்ன வகை என்று வருவாய்த்துறை வைத்திருக்கும் பதிவேடு) நகல், புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம், எல்லாரும் எஃப்.எம்.பி. என்று சொல்வது), கிராம வரைபடம், உங்கள் கிரயப் பத்திரம். 'அ' பதிவேடும் புலப்படமும் அரசின் நில ஆவண இணையதளத்திலேயே கிடைக்கும். கிராம வரைபடத்தை வி.ஏ.ஓ. அலுவலகத்தில் பாருங்கள்.

'அ' பதிவேட்டில் "வண்டிப்பாதை" என்று புறம்போக்காக இருந்தால் உங்கள் நல்ல காலம். ஆனால் பதிவேட்டில் இருப்பது வேறு, தரையில் இருப்பது வேறு. எங்கள் ஊரில் 16 அடி வண்டிப்பாதை இரண்டு பக்க வரப்பும் நகர்ந்து நகர்ந்து 9 அடியாகிவிட்டது. சர்வேயர் அளந்து கல் நட்ட பிறகுதான் பேச முடியும். அளவைக்கு இணையவழியில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டலாம். எனக்குத் தேதி கிடைத்து அளந்து முடிய 40 நாள் ஆயிற்று. வயலில் நாற்று நிற்கும்போது அளக்க யாரும் விடமாட்டார்கள். அதனால் அறுவடை முடிந்த மாசியில் அளக்கும்படி கணக்குப் போட்டு, தையிலேயே மனு கொடுங்கள்.

பாதை இன்னொருவர் பட்டாவில் போகிறதா? அப்படியானால் உங்கள் பத்திரத்தில் பாத்தியம் எழுதியிருக்கும் வரியை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். "மாமூல் வழிநடை பாத்தியம்" என்று மட்டும் இருந்தால் அது ஆள் நடக்கத்தான். "வண்டிப்பாதை பாத்தியம்" என்று இருந்தால் வலு அதிகம். "போய்க்கோ தம்பி, நான் என்ன சொல்லப்போறேன்" என்று பக்கத்து வயல்காரர் சொல்வார். அவர் மனதாரத்தான் சொல்வார். அவர் பிள்ளைகள் காலத்தில் அந்தச் சொல் நிற்காது. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி 20 ஆண்டு தடையில்லாமல், உரிமையாகப் புழங்கினால்தான் அனுபவத்தால் பாத்தியம் வரும். ஒருவர் அனுமதித்துப் போன வருஷங்கள் அந்தக் கணக்கில் சேராது. ஆகவே சர்வே எண், அகலம், "லாரி, டிராக்டர் முதலிய பாரவண்டிகள் சென்று வர" என்ற சொற்கள், ஒரு வரைபடம் எல்லாம் சேர்த்துப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்யுங்கள். பதிவுச் செலவைப் பார்த்து நான் முதலில் தயங்கினேன். லட்சக்கணக்கில் கிராவல் கொட்டுவது அடுத்தவர் நிலத்தில் என்று நினைத்துப் பார்த்ததும் தயக்கம் போய்விட்டது.

முத்துப்பேட்டை, கோடியக்கரைப் பக்கம் காப்புக்காட்டை ஒட்டித் தோப்பு வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். வன எல்லைக்குள் ஓர் அடி போனாலும் அது 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும், மத்திய அரசின் ஒப்புதல் தேவைப்படும். வன உரிமைச் சட்டத்தில் சாலைக்கு ஒரு ஹெக்டேருக்குள் வழி இருக்கிறது என்று சொல்வார்கள். அது கிராம சபை பரிந்துரையோடு ஊருக்காக அரசு போடும் சாலைக்கு. தனியார் தோப்புக்கு அதைக் காட்ட முடியாது. எல்லைக்கல்லைப் பார்த்து, பாதையை உள்ளே தள்ளிப் போட்டுக்கொள்வதுதான் வழி.

2. மண்ணை நவம்பர் மண்ணாகப் பாருங்கள்

என் முதல் ரோடு போனதற்கு முழுக் காரணமும் இந்த இடத்தில் இருக்கிறது. ஏப்ரலில் நம் களிமண் கடப்பாரை ஏறாத இரும்பாக இருக்கும். "இந்தத் தரைக்கு ஆறு அங்குலம் கிராவல் போதும்" என்று மேஸ்திரி சொன்னார், நானும் நம்பினேன். அதே மண் கார்த்திகையில் கால் வைத்தால் கணுக்கால் வரை வாங்கிக்கொள்ளும். ரோட்டுக்கு வேண்டிய கணக்கை ஊறிய மண்ணை வைத்துத்தான் போட வேண்டும்.

பழைய டெல்டாவின் கனத்த களி காய்ந்தால் சுருங்கும், நனைந்தால் உப்பும். மண் ஆய்வாளர்கள் களத்தூர், ஆதனூர் என்று பெயரிட்டிருக்கும் மண் வகைகள் இந்த இனம். சித்திரையில் உங்கள் நிலத்தில் வெடிப்புக்குள் சைக்கிள் கம்பியை விட்டுப் பாருங்கள். ஒரு அடிக்கு மேல் இறங்கினால் நீங்களும் எங்கள் கட்சி. மதுக்கூர், பட்டுக்கோட்டைப் பக்கத்துச் செம்மணல் தரைக்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அவர்கள் மூன்றாம், நாலாம் படிகளை மட்டும் பார்த்தால்கூடப் போதும்.

ஆய்வகத்தில் கேட்க வேண்டிய சோதனையின் பெயர் சி.பி.ஆர். நொறுக்கிய கருங்கல்லின் தாங்குதிறன் 100 என்றால் நம் மண் எத்தனை என்று சொல்லும் எண் அது. கேட்கும்போது "நான்கு நாள் ஊற வைத்த சி.பி.ஆர்." என்று அழுத்திக் கேளுங்கள். எங்கள் மண் ஊறாமல் 9 காட்டியது, ஊறிய பின் 1.8. ஊரகச் சாலைக் கணக்கில் 2 என்பது மிக மோசம், 3-4 மோசம், 5-6 சுமார், 7-க்கு மேல் நல்லது.

இங்கே ஒரு பொறி. வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்துக்கு மண்ணைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே பார்ப்பது தழை, மணி, சாம்பல் சத்தும் கார அமில நிலையும். தாங்குதிறன் பார்க்கும் வசதி பொறியியல் கல்லூரிகளின் சிவில் துறையிலும் தனியார் கட்டுமான ஆய்வகங்களிலும்தான் உண்டு. நான் இதில் மூன்று வாரம் வீணாக்கினேன்.

மாதிரி எடுக்கும் முறை: பாதை நெடுக மூன்று இடம். அதில் ஒன்று கண்டிப்பாகத் தண்ணீர் தேங்கும் மிகத் தாழ்ந்த இடமாக இருக்கட்டும். மேல் அரை அடியைத் தள்ளிவிட்டு, அதற்குக் கீழ் ஒன்றரை அடி வரை உள்ள மண்ணை, இடத்துக்கு ஒரு சிமெண்ட் சாக்கு. எந்த இடம் என்று சாக்கின் மேலேயே எழுதுங்கள். கொடுத்ததிலிருந்து அறிக்கை வர இரண்டு வாரம் வையுங்கள்.

ஆய்வகம் வேண்டாம் என்று நினைப்பவர்கள் குறைந்தபட்சம் இதையாவது செய்யுங்கள். அடியில் ஓட்டை போட்ட பெயிண்ட் வாளியில், பிடித்தால் உருண்டையாகும் ஈரத்தில் மண்ணை அடுக்கடுக்காக இடித்து நிரப்புங்கள். தண்ணீர்த் தொட்டியில் நான்கு நாள் முக்கி வையுங்கள். வெளியே எடுத்து 12 மில்லிமீட்டர் கம்பியை ஒரு கையால் அழுத்துங்கள். வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால், வெறும் கிராவலை மட்டும் நம்பிப் பணம் போடாதீர்கள்.

3. நாள் குறித்தல்

மேட்டூர் அணை ஜனவரி 28 மூடி ஜூன் 12 திறப்பது வழக்கம். சில ஆண்டு முன்பின் ஆகும். சம்பா அறுத்து, உளுந்து பயறு எடுத்து, வயலும் வாய்க்காலும் காய நமக்குக் கிடைப்பது பங்குனி நடுவிலிருந்து வைகாசி தொடக்கம் வரை ஏறக்குறைய எட்டு வாரம். இதில் கோடை மழை ஒரு வாரத்தைத் தின்னும். மார்ச் பதினைந்துக்குள் எல்லா அனுமதியும் கையில் இருந்தால்தான் அந்த ஆண்டு வேலை நடக்கும். இல்லையென்றால் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிடுங்கள். ஜூலையில் அவசரப்பட்டுப் போட்ட ரோடு எதுவும் எங்கள் பக்கத்தில் நின்று நான் பார்க்கவில்லை.

பாதை ஊராட்சிப் பாதையாக இருந்து, ஊராட்சியே போட வேண்டும் என்று கேட்கப் போகிறீர்களானால் கிராம சபைத் தீர்மானம் வேண்டும். ஜனவரி 26 கூட்டத்தில் வைத்துவிடுங்கள். மார்ச் 22, மே 1 கூட்டங்களை நம்பினால் எட்டு வாரமும் போய்விடும்.

எனக்குப் பெரியவர் ஒருவர் சொன்ன யோசனை இந்த ரோட்டைக் காப்பாற்றியது. "மண்ணைப் போட்டு ஒரு மழைக்கு விடுங்க தம்பி. அது உட்கார வேண்டிய இடத்துல உட்காரட்டும். அடுத்த வருஷம் கிராவல் கொட்டுங்க" என்றார். மெத்தைக் களியின் மேல் போட்ட மேடு ஒரு மழைக்காலத்தில் அமுங்கும். அமுங்கிய பிறகு மட்டம் பார்த்துக் கிராவல் போட்டால் கிராவல் மிச்சம். எங்கள் மேடு சில இடங்களில் நாலு அங்குலம் இறங்கியது. முதல் ஆண்டே கிராவல் கொட்டியிருந்தால் அந்த நாலு அங்குலத்தையும் விலை கொடுத்து வாங்கிய கிராவலால்தான் நிரப்பியிருப்பேன். ஒரே ஆண்டில் முடித்தாக வேண்டிய கட்டாயம் இல்லாதவர்கள் எல்லாரும் இப்படியே செய்யுங்கள்.

4. தண்ணீருக்கு வழி

கிராவலுக்கு முன்னால் செலவழிக்க வேண்டிய இடம் இது.

உயரம்: கனமழையில் உங்கள் வயலில் தண்ணீர் எந்த மட்டம் ஏறும் என்று மரத்தில் உள்ள கறையைப் பாருங்கள், ஊரில் நாலு பேரைக் கேளுங்கள். கிராவலின் அடிமட்டம் அந்தக் கறைக்கு மேல் இரண்டு அடியாவது இருக்கட்டும். இதற்கு வேண்டிய மண்ணை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பொக்லைன் வந்ததும் ரோட்டின் இரு பக்கத்திலும் தோண்டி நடுவில் போட்டுவிடும். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் ரோட்டின் காலடியிலேயே இரண்டு குளம் வெட்டியதாகிவிடும். மழைக்காலம் முழுக்க அந்தத் தண்ணீர் ரோட்டுக்கு அடியில் ஊறிக்கொண்டே இருக்கும். நான் தோப்பின் மூலையில் பண்ணைக் குட்டை வெட்டி அந்த மண்ணைக் கொண்டுவந்தேன். ஓரத்தில் வெட்டியே ஆக வேண்டுமென்றால் சரிவின் அடியிலிருந்து ஐந்து அடி தள்ளி வெட்டி, அந்தப் பள்ளத்தை வடிகாலோடு சேருங்கள். வடிகாலோடு சேராத பள்ளத்தால் கெடுதலே தவிர நன்மை இல்லை.

மண் ஈரமாக இருக்கும்போது மேல் புல்தோலை உரிக்காதீர்கள். அந்த வேர்ப்பின்னல்தான் அங்கே இருக்கிற ஒரே பலம். முதல் முறை பொக்லைன் அதை வழித்துப் போட்டதும் கீழே ஈரக்களி வெளியே வந்தது. பங்குனியில் நன்றாகக் காய்ந்த தரை என்றால் மட்டும் புல்லையும் மட்கையும் செதுக்கி எடுக்கலாம்.

வெயில்: தோப்பு ரோட்டுக்கு நிழல் எதிரி. மார்கழியில் மழை விட்டு நாலு நாளாகியும் எங்கள் பாதையில் காயாமல் கிடந்த இடங்கள் தென்னை கவிந்த இடங்கள்தான். கிழக்கு மேற்காகப் போகும் பாதையில் தெற்குப் பக்கம் கிளை கழித்து, முடிந்தால் ஒரு வரிசை மரத்தை விட்டுக்கொடுத்து, வெயிலும் காற்றும் விழும்படி செய்யுங்கள். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

வாய்க்கால் குறுக்கே வந்தால்: இதுதான் அனுமதியில் நீளமான வேலை. வாய்க்கால் புறம்போக்கில் குழாய் பதிக்க நீங்களாக முடிவெடுக்கக் கூடாது. நீர்வளத்துறைப் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரைப் பாருங்கள். அந்த வாய்க்கால் யார் பொறுப்பு, மனு யாருக்கு எழுத வேண்டும் என்பதை அங்கேயே தெரிந்துகொள்ளலாம். மனுவோடு புலப்படம், 'அ' பதிவேடு, பட்டா நகல், குறுக்கிடும் இடத்தைக் குறித்த வரைபடம், இரண்டு புகைப்படம் இணையுங்கள். குழாயின் விட்டமும் அடிமட்டமும் அவர்கள் எழுத்தில் தரட்டும். வாய்மொழியாகக் கேட்டுப் பதித்த ஒருவர், கடைமடைக்குத் தண்ணீர் ஏறவில்லை என்ற புகாரில் குழாயைத் தோண்டி எடுத்ததைப் பார்த்திருக்கிறேன். எனக்கு மனு கொடுத்ததிலிருந்து கடிதம் வர 70 நாள்.

ஹியூம் பைப் (கம்பி கட்டிய சிமெண்ட் குழாய்) ஒன்று இரண்டரை மீட்டர் நீளம் வரும். பத்தடி ரோட்டுக்கும் இரு பக்கச் சரிவுக்கும் இரண்டு பைப் வேண்டும். வகை எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்: என்.பி.2 விலை குறைவு, ஆனால் லாரிப் பாரத்துக்கு என்.பி.3 ஆவது வேண்டும். பைப்புக்கு மேல் இரண்டடி மண் மூட்டம் இல்லாமல் லாரியை விட்டால் வெடித்துவிடும். பைப்பின் அடி வாய்க்கால் தரையோடு தரையாக இருக்க வேண்டும். மேலே தூக்கி வைத்தால் தண்ணீர் நிற்கும், தாழ்த்தினால் வண்டல் அடைக்கும்.

5. களிக்கும் கிராவலுக்கும் நடுவில் ஒரு பாய்

என் முதல் கிராவல் எங்கே போனது என்று தோண்டிப் பார்த்தேன். சக்கரம் அழுத்த அழுத்தக் கல் கீழே இறங்கியிருக்கிறது, களி குழம்பாக மேலே ஏறியிருக்கிறது. கிராவலில் ஐந்தில் ஒரு பங்கு களி கலந்தாலே அது கிராவலாக நடந்துகொள்ளாது. இரண்டையும் பிரித்து வைக்க வேண்டும். உங்கள் கைக்காசைப் பொறுத்து மூன்று வழி இருக்கிறது.

ஜியோ டெக்ஸ்டைல் துணி. கம்பளி போல இருக்கும் நெய்யாத வகை. தண்ணீரை விடும், களியை விடாது. 600 அடிக்கு 12 அடி அகலத்தில் விரிக்க 7200 சதுர அடி. துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று இரண்டடி ஏற வேண்டும், சேற்று இடத்தில் மூன்றடி. அதற்காகப் பத்து சதவீதம் கூட வாங்குங்கள். துணியின் மேல் லாரி நேராக ஓடக் கூடாது. கிராவலைப் பின்பக்கமாகக் கொட்டிக்கொண்டே, கொட்டியதன் மேல் முன்னேற வேண்டும். நான் இதைத்தான் போட்டேன்.

கயிற்றுப் பாய். தேங்காய் நாரில் நெய்த வலை. பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் 5 சதவீத நீளத்துக்கு இதைப் பயன்படுத்த 2020-ல் முடிவெடுத்தார்கள், ஆகவே சோதித்துப் பார்த்த பொருள்தான். சில ஆண்டுகளில் மட்கிவிடும். அதற்குள் அடிமண் இறுகிவிட வேண்டும் என்பது கணக்கு. மண் போட்டு ஒரு மழைக்கு விட்டவர்களுக்கு இது பொருந்தும். பேராவூரணி வட்டாரத்தில் கயிறு தொழில் இருப்பதால் நமக்கு அலைச்சலும் குறைவு.

மிளார் மெத்தை. ஆற்றில் உடைப்பு அடைக்கும்போது சவுக்குக் கட்டையும் கீற்றும் கொடுத்துத்தானே மண் மூட்டை அடுக்குகிறோம், அதே முறை. சவுக்கு மிளாரை (மெல்லிய கிளைகளை) கட்டுக் கட்டாகக் கட்டி, ரோட்டுக்குக் குறுக்கே நெருக்கி அடுக்கி, மேலே ஒரு அடி மண். எப்போதும் ஈரத்தில் மூடிக் கிடந்தால் பல ஆண்டு தாங்கும். நனைந்து காய்ந்து நனைந்தால் இரண்டு மூன்று ஆண்டில் இற்றுவிடும். முழுப் பாதைக்கும் இதை நான் சொல்லமாட்டேன். மிக மோசமான முப்பது நாற்பது அடிக்குத் துணியின் கீழே போட்டால் அருமையாக நிற்கிறது.

சுண்ணாம்பு கலப்பதையும் பலர் கேட்கிறார்கள். கனத்த களிக்கு அது நல்ல மருந்து. எடையில் 3 முதல் 6 சதவீதம் சேர்த்தால் பிசுபிசுப்பும் உப்பலும் அடங்கும். ஆனால் கணக்கைப் பாருங்கள்: 600 அடிக்கு பத்தடி அகலம், அரை அடி ஆழம் என்றால் 4 சதவீதத்துக்கே ஐந்தரை டன் வரும். ரோட்டவேட்டரால் இரண்டு முறை கலந்து, ஒரு நாள் ஊறவிட்டு, மறுபடி கலந்து உருட்டி, ஏழு நாள் ஈரம் காயாமல் காக்க வேண்டும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் ஆளை இறக்காதீர்கள், கண் போய்விடும். வேதாரண்யம் பக்கத்து உப்பு மண்ணில், சல்பேட் எவ்வளவு என்று ஆய்வகத்தில் பார்க்காமல் சுண்ணாம்பு கலக்கவே வேண்டாம். சல்பேட்டும் சுண்ணாம்பும் சேர்ந்தால் மண் முன்பைவிட அதிகம் உப்பும்.

6. கிராவல்: கணக்கும் நடைச்சீட்டும்

டெல்டாவில் கல் கிடையாது. வல்லம், கந்தர்வகோட்டைப் பக்கத்துச் செம்புறாங்கல் கிராவல், இல்லையென்றால் புதுக்கோட்டை, திருச்சிப் பக்கத்துக் கருங்கல் ஜல்லி. இரண்டும் தூரத்திலிருந்து வர வேண்டும்.

ஒரு யூனிட் 100 கன அடி. 600 அடி நீளம், 10 அடி அகலம், உருட்டிய பின் 8 அங்குலம் வேண்டுமென்றால் 4000 கன அடி. உருட்டும்போது அமுங்குவதற்கு மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகச் சேர்த்து 5200, அதாவது 52 யூனிட். ஒரு அடி கனம் என்றால் 78 யூனிட். எங்கள் மண்ணுக்குத் துணி போட்டும் ஒரு அடி தேவைப்பட்டது. லோடைக் கணக்கிட்டு வாங்காதீர்கள். டிப்பரின் உள்நீளம், அகலம், உயரத்தை டேப் வைத்து அளந்து யூனிட்டாக வாங்குங்கள். முதல் முறை "லோடு" என்று பேசி, வந்து சேர்ந்ததில் ஏழில் ஒரு பங்கு குறைந்தது.

கிராவல் சிறு கனிமம். கனிமவளத்துறை நடைச்சீட்டு இல்லாமல் வரும் வண்டி பிடிபட்டால் வேலை நடுவில் நிற்கும். ஒவ்வொரு நடைக்கும் சீட்டின் நகலை வாங்கித் தேதி வாரியாகக் கோப்பில் வையுங்கள். ஏரி, குளத்து வண்டல் மண்ணை விவசாயத்துக்கு எடுக்கத் தரும் அனுமதியில் வந்த மண்ணை ரோட்டில் கொட்டாதீர்கள். அனுமதி வயலுக்குத்தான், தவிர வண்டல் ரோட்டுக்கு உதவவும் உதவாது.

தரம் பார்க்க: கைப்பிடி கிராவலை நனைத்துப் பிசைந்து உருட்டுங்கள். உருண்டை நிற்க வேண்டும், கையில் கல் உறுத்த வேண்டும். உருண்டையே ஆகவில்லையென்றால் பிடிப்பு இல்லை, வண்டி ஓட ஓடச் சிதறும். வழுவழுப்பாக நீண்டால் களி அதிகம், மழையில் வழுக்கும்.

ஆறு அங்குலத்துக்கு மேல் ஒரே தடவையில் கொட்டி உருட்டினால் மேல் தோல்தான் இறுகும். அடுக்காகப் போட்டு, டேங்கரில் தண்ணீர் தெளித்து, 8-10 டன் ரோலரால் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஆறு முதல் எட்டு முறை. நடு, ஓரத்தைவிட இரண்டரை அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். கயிறு பிடித்துப் பாருங்கள். ரோலர்காரர் "அண்ணே, தட்டையா இருந்தாத்தான் அழகு" என்பார். ஒத்துக்கொள்ளாதீர்கள்.

7. பணம் எங்கே போயிற்று

விலைகள் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறுகின்றன. ஆகவே என் இரண்டாவது ரோட்டில் 100 ரூபாய் எப்படிப் பிரிந்தது என்று சொல்கிறேன். கிராவலும் வண்டி வாடகையும் 58 (இதில் பாதிக்கு மேல் வாடகை). பொக்லைன், ரோலர், தண்ணீர் டேங்கர் 14. துணி 12. பைப்பும் அதன் கட்டுவேலையும் 11. சர்வே, பத்திரம், ஆய்வகம் எல்லாம் சேர்ந்து 5. இந்த 5 ரூபாயைத்தான் முதல் முறை மிச்சம் பிடித்தேன். கை இறுக்கமாக இருந்தால் கிராவல் கனத்தில் குறைக்காமல் அகலத்தில் குறையுங்கள்: பத்தடியை ஒன்பதாக்கி, நடுவில் ஒரு இடத்தில் வண்டி ஒதுங்க அகலம் விடுங்கள்.

8. முதல் மழைக்காலம்

ஃபின்லாந்து, சுவீடன் போன்ற நாடுகளில் சதுப்புக் காட்டு மரத்தைத் தரை உறைந்து கல்லான குளிர்காலத்தில்தான் பெரும்பாலும் வெளியே எடுக்கிறார்கள். நமக்குத் தரை கல்லாவது சித்திரையில். சவுக்கு வெட்டும் ஒப்பந்தத்தில் மாதத்தை எழுதிவிடுங்கள்: பிப்ரவரி முதல் ஜூன் வரை வெட்டு, ஏற்று. வியாபாரி ஐப்பசியில் அவசரப்படுத்தினால் மாட்டேன் என்று சொல்ல அந்த ஒரு வரி போதும். தேக்கு வெட்டுபவர்கள் என்னென்ன அனுமதி வேண்டும் என்று வனத்துறையில் முன்கூட்டியே கேட்டு மனுப் போட்டு, இதே மாதங்களுக்குள் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

பாரத்தையும் எழுதுங்கள். அச்சின் மேல் விழும் பாரம் இரட்டிப்பானால் ரோட்டுக்கு ஆகும் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்கு. ஒரே லாரியில் அமுக்கி ஏற்றுவதைவிட இரண்டு நடை போவது ரோட்டுக்கு நல்லது. டிராக்டர் டிரெய்லர் என்றால் தோப்புக்குள் டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்து மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். தடம் ஆழமாகப் பதியாது. தார்ச்சாலை ஏறுமுன் மறுபடி காற்றடிக்க வேண்டும்.

வாசலில் சங்கிலி போடுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து மழை என்றால், மழை விட்டு மூன்று நாள் வெயில் காணும் வரை பாரவண்டி கிடையாது. வீட்டு ஆட்களுக்கும் இதே விதி.

மழையோடு குடை பிடித்து ஒரு முறை முழு நீளமும் நடந்து பாருங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது, எங்கே ரோட்டைக் கடக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரியும். அங்கேயே மண்வெட்டியால் ஓரத்தைக் கீறி விடுங்கள். சக்கரத்தடம் இரண்டு அங்குலம் விழுந்ததுமே கிராவல் போட்டு நடுவை உயர்த்துங்கள். தடத்தை மட்டும் நிரப்பி விடாமல், சுற்றிலும் கொத்திக் கிளறிச் சேர்த்து இடியுங்கள்; இல்லையென்றால் நிரப்பிய இடம் தொட்டி போலத் தண்ணீரைப் பிடித்து வைக்கும். பைப் வாயில் அடைத்த ஆகாயத்தாமரையை ஐப்பசி முதல் வாரத்திலும் கார்த்திகையிலும் எடுங்கள்.

இதற்காக ரோடு போடும்போதே ஐந்து யூனிட் கிராவல் கூட வாங்கித் தோப்பு வாசலில் மேட்டில் குவித்து, தார்ப்பாய் போட்டு வையுங்கள். மழை நடுவில் ஐந்து யூனிட்டுக்கு எந்த டிப்பரும் வராது. அந்தக் குவியலுக்கு உரிய நடைச்சீட்டு நகலையும் கோப்பிலேயே வையுங்கள், இது எங்கிருந்து வந்தது என்று யாராவது வந்து கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்.